ராஜி ஆன பெட்டிகள்

நவம்பர் 6, 2006. திங்கள்

காலையிலிருந்து மழை. திருவொற்றியூர் தாண்டியதும் சாலையைக் காணவில்லை. தண்ணீரும் அதில் நிற்கும் ட்ரெய்லர்களும்தான். ஷேர் ஆட்டோக்காரர் "இதுக்கு மேல போவாது" என்று இறக்கிவிட்டார். முக்கால் கிலோமீட்டர் நடை. ஒரு பக்கம் கடல், பாறைகளில் மோதியபடி. மறுபக்கம் லாரி வரிசை. குடைக்குள் லேப்டாப் பை. குடைக்கு வெளியே நான்.

யார்டில் முதல் நாள். துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர்களை இறக்கி, சுங்கத்துறை பார்த்து முடிக்கும்வரை வைத்திருந்து, பிறகு வெளியே அனுப்பும் இடம். கண்டெய்னர் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. பொட்டி.

வேலை, கிண்டி ஆபீஸில் குமரேசன் சார் சொல்லி அனுப்பியபடி: எங்கள் மென்பொருளை இவர்களிடம் உள்ள நான்கோடு இணைப்பது.

1. சம்பளம், வருகைப் பதிவு.
2. யார்டு. எந்தப் பெட்டி எங்கே, வெளியே விடலாமா. பழையது, கறுப்புத் திரை, பச்சை எழுத்து.
3. கேட். கார்டு தேய்ப்பது.
4. பில்.

நான்கும் ஒன்றோடொன்று பேசியதே இல்லை. இணைத்த பிறகு ஒரு ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. காலையில் ஒருமுறை கொடுத்தால் அவருக்கு உரிய கதவுகள் மட்டும் திறக்கும். வேலையை விட்டுப் போனால் எல்லாக் கதவும் ஒரே நொடியில் மூடும். (விளக்கக் கூட்டங்களில் இந்த இடத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள்.)

முதல் படி: மேப்பிங் தாள். இடதுபக்கம் ஒவ்வொரு மென்பொருளிலும் உள்ள பயனர் பெயர்கள். வலதுபக்கம் சம்பளப் பட்டியலில் உள்ள ஆட்கள். கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பு 'பொருத்துக'.

யார்டு மென்பொருளில் மொத்தமே நான்கு பயனர்கள். அட்மின், மேனேஜர், கேட், ராஜி.

கேட்டில் தேசிங்கு. ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, காதில் பென்சில். ட்ரெய்லர் டிரைவர் ஒருவர் மழையில் தலையை நீட்டி:

"இன்னா நைனா, ராஜி ஆச்சா?"

"ஆவல. ஓரங்கட்டு."

"காலைலேர்ந்து குந்திகினுகீறேன். ஜல்தி ராஜி போடு."

"இரு. கை ரெண்டுதான் கீது."

குறித்துக்கொண்டேன். ராஜி: சம்மதம், உடன்பாடு. கோர்ட்டில் 'ராஜியாகப் போய்விட்டார்கள்' என்பார்களே, அதே உருதுச் சொல். இங்கே பெட்டிக்கும் சுங்கத்துக்கும் இடையே ஏற்படும் சமாதானம். கலீஜ், பேஜாரு, தோஸ்து வரிசையில் இன்னொன்று. மொழியியல் எம்.ஏ. படித்துவிட்டு கம்ப்யூட்டர் டிப்ளமோவுக்குப் போனவனுக்கு இப்படி ஒரு அற்ப சந்தோஷம் எப்போதாவது கிடைக்கும்.

ஷூவுக்குள் பழைய பேப்பர் திணித்து வைத்திருக்கிறேன். காயுமா தெரியாது.


நவம்பர் 7. செவ்வாய்

மழை இல்லை. ஷூ காயவில்லை.

யார்டு மென்பொருளைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. எனக்கென்று பயனர் பெயர் கிடையாது. தேசிங்கு ஜன்னல் வழியாகவே பாஸ்வேர்டு சொன்னார், வரிசையில் நின்ற மூன்று பேர் கேட்க. "ராஜில போய்க்கோ தம்பி. அதுலதான் எல்லாம் தொறக்கும்."

அந்தக் கம்ப்யூட்டர் முன் இருந்த நாற்காலி மிகத் தாழ்வு. ஏற்றி வைத்துக்கொண்டேன்.

மதியம் 3.10. தேசிங்கு இரண்டு கேட் பாஸ்களை நீட்டினார். "பேப்பர் எல்லாம் கரீட்டாகீது. சொம்மாதானே பாத்துகினுகீற, நீயே போடேன்." போட்டேன். பெட்டி எண், சீல் எண், ஒரு எண்டர். வெளியே இரண்டு ட்ரெய்லர்கள் உறுமிக் கிளம்பின. ஒரு விரலில் நாற்பது டன் நகர்கிறது. விசித்திரமான அதிகாரம். பிடித்திருந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

குமரேசன் சாருக்கு மெயில்: "ராஜி: நபர் அல்ல. வெளியேற்ற அனுமதியைக் குறிக்கும் வட்டாரச் சொல். இணைப்புக்குப் பின் நீக்கிவிடலாம்."

பதில், நான்கு நிமிடத்தில்: "குட் கேட்ச்."

கேன்டீனில் சங்கரா மீன் வறுவல். சாம்பார் வேண்டாம்.


நவம்பர் 8. புதன்

வெயில்.

நேற்று நான் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு பெண். முப்பது வயதிருக்கலாம். செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் விட்டு, ஒரு பாதம் சி.பி.யு. மேல். கீபோர்டைப் பார்க்காமலே அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு இந்த சேரை ஏத்தி வெச்சது? காலு தரைல படமாட்டேங்குது."

"நான்தான். மன்னிச்சுக்கோங்க. சாஃப்ட்வேர் கம்பெனிலேர்ந்து வந்திருக்கேன். ராஜி போடறது நீங்களா?"

"நான் இன்னாத்தப் போடறது. நான்தான் ராஜி."

ஜன்னலில் தேசிங்கு. பென்சில் கீழே விழும் அளவுக்குச் சிரிப்பு. "ராஜின்னா இன்னா அர்த்தம்னு தம்பி ரெண்டு நாளா நோட்டுல எய்திகினுகீறாருமா."

ராஜேஸ்வரி. ஒப்பந்த ஊழியர், எண் 31. வீடு காசிமேடு. ப்ளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹையர். மகளுக்குக் காய்ச்சல் என்று திங்கள், செவ்வாய் லீவு. ஆறு வருடம் முன்பு யார்டு மென்பொருள் வந்தபோது தட்டச்சு தெரிந்த ஒரே ஆள். அவர் பெயரிலேயே ஒரு பயனரை உருவாக்கினார்கள். உரிமம் நான்கு பேருக்கு மட்டும். பிறகு வந்தவர்கள் எல்லாம் அதே பெயரில் நுழைந்தார்கள். டிரைவர்கள் "ராஜி போட்டாச்சா" என்று கேட்டார்கள். பிறகு "ராஜி ஆச்சா". அவர் வராத நாளிலும் ராஜி ஆனது.

"மொத மொத வூட்டுக்காரரு கேட்டுட்டு சண்டைக்கே பூட்டாரு. ரோட்டுல எவன்னா ஒருத்தன் ராஜி ஆச்சா, ராஜி ஆச்சான்னு கத்திகினு போறான்னு."

நேற்று அனுப்பிய வரி: 'நபர் அல்ல. நீக்கிவிடலாம்.'

அவரிடம் சொல்லவில்லை. குமரேசன் சாருக்குத் திருத்தம் அனுப்பினேன். பதில்: "அப்போ ஆள் இருக்கு. மேப் பண்ணிடு. சிம்பிள்."


நவம்பர் 9. வியாழன்

மேனேஜர் சுந்தரம் கூப்பிட்டார். அறையில் ஏ.சி., ஆனால் ஃபேனும் ஓடுகிறது. மேப்பிங் தாளை வாங்கி, ராஜி என்ற வரிக்கு எதிரே தன் பேனாவாலேயே எழுதினார்: ராஜேஸ்வரி, ஒப்பந்தம், 31.

"பேரு பேருதானப்பா. இதுல என்ன யோசனை?"

சொன்னேன். இந்தக் கோட்டைப் போட்டால், ஆறு வருடமாக ராஜி என்ற பெயரில் வெளியேறிய ஒவ்வொரு பெட்டியும் எல்லா அறிக்கையிலும் ஊழியர் 31 செய்ததாக வரும்.

"வரட்டும். அவதானே போட்டா."

"எல்லாரும் போடறாங்க சார். நான் பார்த்தேன்."

"நீ எதுக்குப் பார்த்த?"

பிறகு குரல் இறங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஆகஸ்ட் பதினான்காம் தேதி ஒரு பெட்டி வெளியே போய்விட்டது. சுங்கத்துறை தடுத்து வைக்கச் சொல்லியிருந்த பெட்டி. நோட்டீஸ் வந்திருக்கிறது. விட்டது யார் என்று ஹெட் ஆபீஸ் இரண்டு மாதமாகக் கேட்கிறது. மென்பொருள் ராஜி என்கிறது. ராஜி யார் என்ற கேள்விக்கு இவர் இன்னும் பதில் எழுதவில்லை. திங்கள்கிழமை ஆடிட்டிலிருந்து ஆள் வருகிறது. எங்கள் இணைப்பின் முதல் அறிக்கையில் ஒரு பெயர் வந்துவிட்டால் இவர் எதுவும் எழுத வேண்டியதில்லை.

"வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், இங்க யாரும் பாஸ்வேர்டைப் பகிர்ந்துக்கறது இல்லன்னு. ரிடையர்மெண்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. புரியுதா?"

புரிந்தது. கெட்டவராக இருந்திருந்தால் சுலபம்.

ஒப்பந்த ஊழியர் என்றால் ஒரு கடிதம் போதும். வேலை போகும். சுங்க வழக்கில் பெயரும் ஏறும்.

டீ நேரத்தில் ராஜியிடம் சொல்லிவிட்டேன். சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டா என்று யோசித்தது சொன்ன பிறகு. அவர் கீபோர்டை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அப்போ என் பேர்ல இன்னா இன்னா கீதுன்னு ஒரு தபா பாக்கணுமே."

தேதிவாரியாக எடுத்துக் காட்டினேன். விரலைத் திரையில் வைத்துப் படித்தார்.

"இது எங்க அம்மா செத்த நாளு. இருபத்தொம்போது பொட்டி."

"இது பாப்பா பொறந்த அன்னிக்கு. பிரசவ வார்டுல படுத்துகினே பதினேழு அனுப்பிகீறேன் பாரேன்."

"யண்ணா, தேசிங்கண்ணா! என் கல்யாணத்தன்னிக்கு எத்தினி தெரியுமா? நாப்பத்திரெண்டு! தாலி கட்டசொல்லகூட வுடலியா என்னிய?"

"மொய் வெக்க எல்லாரும் வந்துட்டோம், அப்பால வந்து போட்டேன்மா" என்றார் தேசிங்கு ஜன்னலில் இருந்து. ஏதோ நன்றிக்கடன் தீர்த்த குரலில்.

சிரித்துக்கொண்டே இருந்தவர் பட்டென்று நிறுத்தினார். "ஆகஸ்டு காட்டு."

ஆகஸ்ட் 14. பகல் 1.40. பெட்டி எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 417. வெளியேற்றம். ராஜி.


நவம்பர் 10. வெள்ளி

வருகைப் பதிவையும் யார்டுப் பதிவையும் முதல்முறையாகச் சேர்த்தேன். இரண்டு மென்பொருள்கள் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து இன்று பேசின. அவை சொன்னது: ராஜேஸ்வரி விடுப்பில் இருந்து, ராஜி வேலை செய்த நாட்கள் முந்நூற்றுப் பதினொன்று.

எழுந்து ஜன்னல்வரை நடந்துவிட்டு வந்தேன். இவ்வளவு நேரான சாட்சியை நான் செய்த எந்த வேலையும் தந்ததில்லை.

பிறகு ஆகஸ்ட் 14.

கார்டு தேய்த்து உள்ளே: 8.52. வெளியே: மாலை 6.15. அன்று அவர் வந்திருக்கிறார்.

காட்டினேன்.

"ஒண்ணே முக்காலுக்கு அஞ்சு நிமிசம்னா சாப்பாட்டு டைமு."

"எங்க இருந்தீங்க?"

வெளியே கிரேன் ஒரு பெட்டியை இன்னொன்றின் மேல் வைத்தது. தரை அதிர்ந்தது.

"தெரில தம்பி. கேன்டீன்ல இருந்தனோ, இங்கியே டப்பாவத் தொறந்து வெச்சிகினு துன்னுகினே போட்டனோ. மூணு மாசமாச்சு. நானாக்கூட இருக்கலாம்."

கேன்டீன் என்று சொல்லிவிடுங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் பொய் சொன்னால் எனக்கு எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அவருக்கு அல்ல, எனக்கு.

பட்டியலின் கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. நவம்பர் 7, 3.10. இரண்டு பெட்டிகள்.

"இது யாரு? செவ்வாக்கெயம நான் லீவாச்சே."

"நான்."

திரும்பிப் பார்த்தார்.

"நீயுமா?"

அவ்வளவுதான். கோபம் இல்லை. அடுத்த கேட் பாஸை எடுத்துக்கொண்டார்.


நவம்பர் 11. சனி

கடவுச்சொல். கடவு என்றால் வழி, வாயில். பேட்டையில் எல்லாருக்கும் தெரிந்த வழி. ஒருவர் பெயர், ஆனால் எல்லாரும் நடந்து தேய்த்த வழி.

இப்படி எழுதினால் ஏதோ விளங்கிவிட்டது போல இருக்கிறது. ஒன்றும் விளங்கவில்லை. மேப்பிங் தாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

குமரேசன் சாருக்கு ஃபோன். யார்டு சுவருக்கு வெளியே போய் நின்று பேசினேன்.

"நம்ம வேலை இணைக்கறது. விசாரிக்கறது இல்ல. யார் யாருன்னு கஸ்டமர் சொல்லணும், நாம கோடு போடணும்."

"அவங்க சொல்றது தப்பு சார்."

"கையெழுத்து அவங்களோடது."

"செவ்வாய்க்கிழமை நானே ரெண்டு பெட்டி போட்டிருக்கேன். ராஜி பேர்ல."

அந்தப் பக்கம் ஹார்ன் சத்தம். கார் ஓட்டிக்கொண்டிருந்தார் போல. ஓரமாக நிறுத்தும் ஒலி.

"என்ன சொன்ன?"

திரும்பச் சொன்னேன்.

"டேய். வெளியாள் ஒருத்தன் லைவ் சிஸ்டத்துல பொட்டிய வெளிய அனுப்பினான்னு தெரிஞ்சா, இந்த காண்ட்ராக்ட் இல்ல, அடுத்த மூணும் போயிடும். நீ அதை யார்கிட்டயும் சொல்லல. எங்கிட்டயும் சொல்லல."

மாலை 5.30: தாளை அனுப்பினேன். நூற்று எழுபத்தேழு கோடுகள். ராஜி வரி மட்டும் காலி.

தைரியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். காலியாக விடுவது எதையும் செய்யாமல் இருப்பதும்தான்.


நவம்பர் 12. ஞாயிறு

ராயபுரம். என் அறை. துணி எதுவும் காயவில்லை. கொடியில் மூன்றாம் நாளாக அதே சட்டைகள். கீழ்வீட்டுப் பெண்மணி காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த நெத்திலியில் ஒரு கிண்ணம் கொடுத்தார். நல்ல குழம்பு.

எங்கள் மென்பொருள் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறது. காலியாக விட்டால் நகராது. இந்த யார்டில் யாருக்கும் கடைசிப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டு நிரப்பினேன். தேசிங்கு, கடைசிப் பெயர்: மு. ராஜேஸ்வரி, கடைசிப் பெயர்: ப.

ஒரு ஆள் ஒரு பெயர் என்பது எனக்கு எப்போதும் சற்று வன்முறையாகப் பட்டிருக்கிறது. கல்லூரியில் இதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம்: நான் என்பது ஒன்றல்ல, பல குரல்கள், இத்யாதி. இங்கே உண்மையிலேயே பல பேர் சேர்ந்து ஒரு பெயராக இருந்திருக்கிறார்கள். அதற்கான தண்டனை மட்டும் ஒரு உடம்புக்கு.

நாளை என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். நான்கு வாக்கியம். நான்கும் ஆங்கிலத்தில் வந்தன. கிழித்துவிட்டேன்.


நவம்பர் 13. திங்கள்

மேகம். மழை இல்லை. புழுக்கம்.

ஆடிட்டிலிருந்து வித்யா மேடம். நாற்பது வயது, பருத்திச் சேலை, சொந்தத் தண்ணீர் பாட்டில். யார்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராக மேனேஜர் அறை. சுந்தரம், நான். ராஜியைக் கடைசியில் கூப்பிட்டார்கள். கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னது வித்யா.

"மேப்பிங்ல ஒரே ஒரு வரி காலியா இருக்கே. ஏன்?"

சுந்தரம் முந்திக்கொண்டார். "தம்பி விட்டுட்டாரு மேடம். அது ராஜேஸ்வரிதான்."

"விடல மேடம்" என்றேன். "அந்தப் பேர் ஒரு ஆளோடது இல்ல."

முந்நூற்றுப் பதினொரு நாட்களின் பட்டியலைக் கொடுத்தேன். புரட்டினார். ஆகஸ்டுக்கு வந்தார். நிமிர்ந்தார். "இந்த நாள் அவங்க வேலைல இருந்திருக்காங்களே."

"ஆமாம்."

"அப்போ?"

எழுதிக் கிழித்த நான்கு வாக்கியங்களில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைசிப் பக்கத்தை எடுத்து அவர் முன் வைத்தேன். "போன செவ்வாய் 3.10. ரெண்டு பெட்டி. அதுவும் ராஜி. அது நான்."

சுந்தரம் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகம். வித்யா பேனாவை மூடினார். "நீங்க வெண்டர்தானே? உங்களுக்கு எப்படி பாஸ்வேர்டு கிடைச்சுது?"

"டெஸ்டிங்குக்காகக் குடுத்தது மேடம்" என்றார் சுந்தரம். "அது தனி. மத்தபடி அந்தப் பாஸ்வேர்டு இந்தம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

ராஜி எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. ஜன்னல் கொக்கியைத் தூக்கி, கதவைத் தள்ளினார். வெளியே கேட் வரிசை. முதல் ட்ரெய்லரில் டிரைவர் மடியில் பொட்டலம், இட்லி.

"யண்ணா! ராஜி பாஸ்வேர்டு இன்னா?"

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "தாரணி ஒண்ணு ரெண்டு மூணு. ஏன்க்கா, மாத்திட்டாங்களா?"

அடுத்த வண்டியிலிருந்து இன்னொரு குரல்: "பாப்பாக்கு ஜொரம் வுட்டுச்சா ராஜிக்கா?"

"வுட்டுச்சு, வுட்டுச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் ராஜி.

வித்யா: "தாரணி யாரு?"

"எம் பொண்ணு மேடம். மூணு வயசு. பொறந்த அன்னிக்கு இங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாங்க. கம்ப்யூட்டரு புச்சா ஒரு வார்த்தை கேக்குது, பொட்டி எல்லாம் நின்னுகினுகீதுன்னு. அப்போ பேரே வெக்கல. வாய்ல வந்துச்சு, சொன்னேன். எங்க வூட்டுக்காரருக்கே அப்பாலதான் தெரியும். மொதல்ல இந்த கேட்டுக்குத்தான் தெரியும்."

வித்யா சிரித்தாரா என்று தெரியவில்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

"நேராக் கேக்கறேன். ஆகஸ்ட் பதினாலு, அந்தப் பெட்டி, நீங்களா?"

"தெரியாது மேடம். நானா இருக்கலாம். தேசிங்கண்ணனா இருக்கலாம். இந்த சாரா இருக்கலாம்."

சுந்தரம் மேசைக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். அதன் அடியில் அவர் பிள்ளைகளின் பழைய புகைப்படங்கள். "நானும் போட்டிருக்கேன் மேடம்" என்றார். "அன்னிக்கு இல்ல. அன்னிக்கா இல்லையான்னு எனக்கும் தெரியாது."

வித்யா எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார், எல்லாரும் கேட்கட்டும் என்றோ, தனக்கே கேட்கவோ: "ராஜி என்ற பயனர் பெயர் எந்தத் தனிநபரோடும் இணைக்கப்படக் கூடாது. ஆகஸ்ட் வெளியேற்றம்: செய்தவர் அடையாளம் காண இயலவில்லை."

வெளியே வந்ததும் ராஜி செருப்பைத் தேடினார். இடதை வலதில் மாட்டி, கழற்றி, மறுபடி போட்டார். நான் பார்க்காதது போல இருந்தேன்.


நவம்பர் 14. செவ்வாய்

மழை, மதியம்வரை.

நேற்றின் விளைவுகள், கேட்டறிந்தவரை:

சுந்தரம்: விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். சுங்கத்துறைக்கான பதிலில் அவர் கையெழுத்து.
தேசிங்கு: எச்சரிக்கை. வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், பஸ் டிக்கெட் போல.
ராஜி: எச்சரிக்கை. வேலை இருக்கிறது.
நான்: குமரேசன் சார் ஃபோனில் பதினைந்து நிமிடம். வேலை, இந்த இணைப்பு முடியும்வரை. அதற்குப் பிறகு "வந்து பார், பேசலாம்". அந்தப் பேச்சு என்னவென்று தெரியும்.

உரிமத்தை நான்கு பேரிலிருந்து பன்னிரண்டாக உயர்த்த ஹெட் ஆபீஸ் சம்மதம். ஆறு வருடமாகக் கேட்டுக் கிடைக்காதது, வித்யாவின் ஒரு மெயிலில்.

சுந்தரம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்தார். எழும்போது, "நீ சின்னப் பையன். வேற வேலை கிடைச்சுடும்" என்றார். ஆறுதலா, சாபமா. இரண்டும்தான் போல.


நவம்பர் 15. புதன்

நாளை காலை மாற்றம். ஒவ்வொருவராக உட்காரவைத்துப் புதுப் பாஸ்வேர்டு போடச் சொன்னேன். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

தேசிங்கு: "தம்பி, எட்டு எய்த்து வரணும்னு சொல்லுது. எம் பேரே அவ்ளோ வராது."

"பேரைப் போடாதீங்கண்ணே. வேற எதாவது. யாருக்கும் தெரியாத மாதிரி."

"யாருக்கும் தெரியாதது எங்கிட்ட இன்னாகீது?"

கடைசியில் ஏதோ போட்டார். போட்டதும் ராஜியிடம் சொல்லப் போனார். "வாணாம்ணா, சொல்லாத!" என்று அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

ராஜி தன்னுடையதைப் போட வெகுநேரம் எடுத்துக்கொண்டார். முடித்துவிட்டு, "இத்த மறந்துட்டா?" என்றார்.

"எங்களுக்கு ஃபோன் பண்ணணும். நாங்க மாத்தித் தருவோம். ஆனா பழசு என்னன்னு எங்களாலயும் பாக்க முடியாது."

"நெஜமாவா?"

"நிஜமா."

ஏனோ அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது.


நவம்பர் 16. வியாழன்

வெயில், கடல் காற்று. காலை 7.00. பழைய வழிகள் மூடப்பட்டன. 7.04. நான்கு மென்பொருள்களும் பதில் கொடுத்தன. பிழை இல்லை. கிண்டிக்கு மெயில்.

ராஜி 8.40க்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். பெயர், பாஸ்வேர்டு. கறுப்புத் திரையின் மேல் ஓரத்தில் பச்சையில்: ராஜேஸ்வரி ப.

சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கேட் பாஸ். வழக்கமாக ஒரு நிமிடம்கூட ஆகாது. பெட்டி எண்ணை ஒவ்வொரு எழுத்தாகத் தாளில் தொட்டு, திரையில் தொட்டுப் பார்த்தார். சீல் எண். சுங்கத்தின் முத்திரை. முத்திரைக்குக் கீழே உள்ள தேதி. தாளைத் திருப்பிப் பின்பக்கம். என்னிடம், "இந்த எய்த்து பி-யா எட்டா?" எட்டு.

8.51. வரிசை கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போய்விட்டது. ஹார்ன்கள்.

சுந்தரம் அறையிலிருந்து வெளியே வந்தார். "என்னம்மா, ஒரு பொட்டிக்கு இவ்ளோ நேரமா?"

ராஜியின் விரல் தாளில். உதடு மட்டும் அசைகிறது.

வெளியே டிரைவர் கதவைத் தட்டினார். "யக்கா, சீக்கிரம் ராஜி போடுக்கா!"

"இரு நைனா. படிச்சினுகீறேன்."